நெப்ராஸ்கா யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் ரசிகர்களே, எந்தத் தோல்வி இன்னும் தொண்டையில நிக்குது? (2025 சீசனுக்கு முன்னாடி நடந்த பேச்சு)

ஓமாஹா மாமா

எனக்கு 2022 செப்டம்பர் 10, ஜார்ஜியா சதர்ன்ங்கற சின்ன லீக் டீம்கிட்ட தோத்தது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல, ஆனா மனசு ஆறல.

42 பாயின்ட் போட்டுட்டுத் தோத்தோம் சார். சொந்த மைதானத்துல 35-ஓ அதுக்கு மேலயோ போட்ட 214 ஆட்டத்தையும் நெப்ராஸ்கா ஜெயிச்சிருந்துச்சு. அந்தக் கணக்கை அன்னைக்கு முடிச்சு வச்சாங்க. நம்ம டிஃபென்ஸ் விட்டுக் குடுத்தது 642 யார்டு. எதிர்ல நின்ன கோச் யாரு? முந்தின வருஷம்தான் யூஎஸ்சி யூனிவர்சிட்டி வீட்டுக்கு அனுப்பின கிளே ஹெல்டன். 36 செகண்ட் இருக்கறப்ப அவங்க குவார்ட்டர்பேக், பந்தை எறியற வேலைக்காரன், தானே பந்தைத் தூக்கிட்டு உள்ள ஓடிட்டான், 45-42. அதுக்கப்புறம் நாம உதைச்ச 52 யார்டு ஃபீல்ட் கோலும் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயின்ட் எடுக்கறது) விலகிப் போச்சு.

ஆனா என்னைத் தூங்க விடாதது ஆட்டம் இல்ல. பக்கத்து சீட்ல சிவப்பு ஓவரால் போட்ட ஒரு பெரியவர். அவங்கப்பா காலத்துல இருந்தே அந்த சீட் அவங்க குடும்பத்துலதானாம். ஜார்ஜியா சதர்ன் பசங்க உள்ள போறப்ப எழுந்து நின்னு கை தட்டினாரு. அங்க அது வழக்கம், எதிரணி ஜெயிச்சாலும் தட்டித்தான் அனுப்புவாங்க. தட்டி முடிச்சு உட்கார்ந்தவர், கையில இருந்த ப்ரோக்ராம் புக் பின்னாடி 15-ன்னு எழுதி, அதை அடிச்சுட்டு, கீழ 7.5-ன்னு எழுதி என்கிட்ட காட்டினாரு. நம்ம கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட்டோட பைஅவுட், அதாவது காண்ட்ராக்டை முறிச்சா குடுக்க வேண்டிய பணம். இப்பவே அனுப்பினா 15 மில்லியன் டாலர், அக்டோபர் 1 வரைக்கும் பொறுத்தா பாதி. "பொறுக்க மாட்டாங்க"ன்னும் அவரே சொன்னாரு. மறுநாளே சீட்டைக் கிழிச்சாச்சு. மூணு வாரம் பல்லைக் கடிக்க முடியாம ஏழரை மில்லியன்! நம்ம ஊர்க்காரனுக்கு அந்த நம்பரே ஆகாது.

உங்களோடது எது? ஸ்கோர் எல்லாருக்கும் தெரியும், அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லுங்க.

டப்ளின்காரன்

நான் அயர்லாந்திலை இருக்கிறன். யாழ்ப்பாணத்தான். எனக்கு இந்த விளையாட்டு ஒண்டும் தெரியாது. அண்ணா லிங்கனிலை, நெப்ராஸ்கா யூனிவர்சிட்டியிலை படிச்சவர், மட்ச் பாக்கவெண்டே பறந்து வந்தவர், அதாலை நானும் அவீவா ஸ்டேடியத்துக்குப் போனன். 2022 ஓகஸ்ட் 27, நோர்த்வெஸ்டர்னோடை. ஊர் முழுக்கச் சிவப்புச் சட்டை.

உள்ளுக்கை இன்ரர்நெட் விழுந்து கார்ட் மெஷின் ஒண்டும் வேலை செய்யேல்லை. கடைசியிலை பியரைச் சும்மாவே குடுத்தவை. கியூவைச் சொல்லத் தேவையில்லை. அண்ணா ரெண்டு கப்போடை திரும்பி வரேக்கை 28-17, நாங்கள் முன்னுக்கு. அவர் இருக்கக்கூட இல்லை, கிக்கோஃபைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். பந்து தூரப் போகேல்லை, பக்கத்திலையே உருளுது. நோர்த்வெஸ்டர்ன் பெடியன் அதிலை விழுந்து கட்டிப் பிடிச்சிட்டான். "ஏன்ரா! பதினொரு பொயின்ற் முன்னுக்கு நிண்டுகொண்டு ஏன்ரா!" எண்டு அண்ணா ரெண்டு கையையும் தூக்க, முன்னாலை இருந்த ஐரிஷ்காரற்றை முதுகு முழுக்கப் பியர். அந்த மனுசன் சண்டைக்குத்தான் திரும்பினவர். அண்ணான்ரை முகத்தைப் பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் மற்றப் பக்கம் திரும்பிட்டார்.

31-28. அந்த வருஷம் நோர்த்வெஸ்டர்ன் வேறை ஒரு மட்சும் வெல்லேல்லை, 1-11. எங்கட வீட்டிலை ஆரும் தேவையில்லாத வேலை பாத்தால் இண்டைக்கும் அண்ணா "ஆன்சைட் கிக்" எண்டுதான் பேசுறவர், பந்தைத் திரும்ப எடுக்கவெண்டு வேணுமெண்டே கிட்ட உதைக்கிற அந்த உதையின்ரை பேர்.

வைகைக்கரையான்

டப்ளின் தம்பி, அந்த நார்த்வெஸ்டர்னை முந்தின சீசன்ல 56-7-னு அடிச்சுத் தொவைச்சதும் இதே நம்மாளுகதாய்யா. அதைச் சொன்னா உங்க அண்ணனுக்கு இன்னும் வலிக்கும், சொல்லாதீங்க.

எனக்கு 2021 மிச்சிகன் ஸ்டேட். ரெண்டாவது பாதியில அவங்களுக்கு ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நாலு வாய்ப்புல பத்து யார்டு நகர்றது) இல்ல. ஒண்ணுகூட! 20-13 முன்னாடி நிக்கிறோம், நாலு நிமிசம்கூட இல்ல. பன்ட் அடிக்கணும், அதாவது பந்தை அவங்க பக்கம் தூர உதைச்சுக் குடுக்கணும். கவரேஜ் டீம் மொத்தமும் ஒரு பக்கமா ஓடுது, பந்து மறு பக்கமா போகுது. ஜேடன் ரீட் எடுத்து 62 யார்டு, தொட ஆள் இல்ல. டிவி முன்னால நின்னுக்கிட்டே "அந்தப் பக்கம்டா, அந்தப் பக்கம்டா"ன்னு கத்துறேன், எழுந்து வந்த எம்பொண்டாட்டி ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாக்குறா, திருடன் வந்துட்டான்னு நெனச்சு. ஓவர்டைம்ல 23-20.

அந்த வருசம் ஸ்பெஷல் டீமுக்குன்னு, அதான் உதை வேலைக்குன்னு, தனி கோச் கெடையாது, அவுட்சைட் லைன்பேக்கர் கோச்சே அதையும் சேத்துப் பாத்துக்கிட்டாரு. 3-9 முடிச்சோம், ஒன்பது தோல்வியும் ஒன்பது பாயின்டுக்குள்ள. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல.

பழைய சிவப்பு

எல்லாரும் ஃப்ராஸ்ட்டையே திட்டிக்கிட்டு இருக்கீங்க. நோய் எங்க ஆரம்பிச்சதுன்னு யாருக்கும் ஞாபகம் இல்லையா?

நான் லிங்கன்ல எம்.எஸ். படிச்சது 2003-ல. தாங்க்ஸ்கிவிங் லீவு, டார்ம்ல பாதிப் பேர் ஊருக்குப் போயாச்சு. கோச் ஃப்ராங்க் சோலிச் 9-3. பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் கையால வளர்ந்தவர், ரெண்டு சீசன் முன்னாடி தேசிய சாம்பியன்ஷிப் ஆட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போனவர். கொலராடோவை ஜெயிச்ச மறுநாளே வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. காமன் ரூம்ல டிவியைப் பாத்துக்கிட்டு இருந்த எங்க ஃப்ளோர் கேர்டேக்கர், தலையில இருந்த தொப்பியைக் கழட்டி அதுல இருந்த 'என்' எழுத்தைக் கட்டை விரலால தேச்சுக்கிட்டே இருந்தாரு. அந்த விரல்தான் என் கண்ணுல நிக்குது.

அடுத்த வருஷம் காலஹன் வந்தாரு, 5-6. 1961-க்கு அப்புறம் முதல் தோல்வி சீசன். 35 வருஷமா விடாம போன பவுல் ஆட்டமும் (சீசன் முடிஞ்சதும் நல்லா ஆடின டீமுக்குக் கிடைக்கற ஆட்டம்) நின்னு போச்சு. பிறகு போ பெலினி: ஏழு சீசன், ஒண்ணுலகூட ஒன்பது வெற்றிக்குக் குறையல. அவரையும் அனுப்பிட்டாங்க. ஒன்பது போதாதுன்னு சொன்ன ஊர் அப்புறம் பல வருஷம் ஆறு வெற்றிக்கே ஏங்கிக்கிட்டு இருந்துச்சு.

கொங்கு ஹஸ்கர்

பழைய சிவப்புங்கண்ணா, சோலிச் விசயத்துல நான் உங்க கட்சிங்க. பெலினிக்கு மட்டும் வக்காலத்து வாங்காதீங்க. வருசா வருசம் நாலு தோல்வி, அதுல ஒண்ணு ரெண்டு மானம் போற தோல்வி. 2012-ல நம்ம லீக்கான பிக் டென் ஃபைனல்ல விஸ்கான்சின் 70 போட்டாங்க. 2014-ல அதே விஸ்கான்சின்ல மெல்வின் கோர்டன் ஒருத்தனே 408 யார்டு ஓடுனான், அதுவும் நாலாவது குவார்ட்டர்ல எறங்காமயே! நான் அன்னைக்கு மேடிசன்லதானுங்க இருந்தேன். பனி கொட்டுது. மூணாவது குவார்ட்டர் முடியறப்ப ரெக்கார்டுன்னு அறிவிக்கறாங்க, எனக்கு முன்னால ஒரு சின்னப் பையன் திரும்பி எங்கிட்டயே ஹை-ஃபைவ் கேக்கறான். நான் சிவப்பு ஜாக்கெட், அவங்களுக்கும் சிவப்புதானே. குடுத்துட்டேன். வேற என்ன பண்றது.

பழைய சிவப்பு

408 யார்டு குடுத்த அந்த சீசனும் 9-4 தான் தம்பி. அதுக்கப்புறம் வந்த ரைலி மூணாவது வருஷம் 4-8. ஃப்ராஸ்ட் மொத்தமா 16-31. எது மானம் போற கணக்குன்னு நீங்களே சொல்லுங்க.

பொறுமைசாலி

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. 2018 செப்டம்பர் 1, ஃப்ராஸ்ட்டின் முதல் ஆட்டம், ஆக்ரனுடன். கிக்கோஃப் ஆனது, மின்னல் வெட்டியது, ஆட்டத்தை நிறுத்தினார்கள். படிக்கட்டுக்கு அடியில் ஈரச் சட்டையோடு நெடுநேரம் நின்றோம். ஒரே ஒரு உதை, அதோடு ரத்து. அவ்வளவுதான்.

இனி இங்குள்ள இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். முதலாவதாக, ஆட்டத்தை நேரலையில் பார்க்காதீர்கள். பதிவு செய்து, முடிவு தெரிந்த பிறகு பாருங்கள், இரத்த அழுத்தம் குறையும். எனக்குக் குறைந்தது. மருத்துவரும் ஒப்புக்கொண்டார். இரண்டாவதாக, ஒரு கோச்சை முதல் இரண்டு வருடங்களை வைத்து எடை போடாதீர்கள். டாம் ஆஸ்போர்ன் 1973-இல் பொறுப்பேற்றார், அவருடைய முதல் தேசியப் பட்டம் 1994-இல்தான் வந்தது. இன்றைக்கு யாராவது அத்தனை வருடம் காத்திருப்பார்களா? 2023-இல் நெப்ராஸ்கா கோச்சாக வந்த மேட் ரூலின் பழைய கணக்கையும் பாருங்கள். டெம்பிளில் 2-10, 6-6, பிறகு 10-4. பேய்லரில் 1-11, 7-6, பிறகு 11-3. நெப்ராஸ்காவில் 2023-இல் 5-7, 2024-இல் 7-6. படி ஏறுகிறது என்பது தெரியவில்லையா? கரோலைனா பேந்தர்ஸில் அவர் சறுக்கியதைச் சொல்லி யாரும் வர வேண்டாம், அது தொழில்முறை ஆட்டம், வேறு. மூன்றாவதாக, ஸ்கோரைப் பார்க்காமல் இரண்டு பக்கத்து லைனை, அதாவது முன்வரிசையில் முட்டி மோதும் ஆட்களைப் பாருங்கள். மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது வாய்ப்பில், இரண்டு யார்டு வேண்டும் என்றால் முட்டித் தள்ளி எடுக்கிறார்களா என்பதுதான் அணி எழுகிறதா இல்லையா என்பதற்குச் சோதனை. குவார்ட்டர்பேக்கின் பெயரும் புகழும் அதற்குப் பிறகுதான். நான்காவதாக, ஆட்டத்தன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். ரன்சா என்ற அந்த ஊர் பன்னை நம்பிப் போகாதீர்கள், உள்ளே இருப்பது மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும், நம்மில் பலருக்கு ஒத்துவராது. ஐந்தாவதாக, பிள்ளைகளுக்கு இந்த அணியின் சட்டை வாங்கிக் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

வைகைக்கரையான்

ஐயா, முடிவு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் ஆட்டம் பாக்குறதுக்கு பேப்பர் படிச்சிரலாமே.

லிங்கன் மருமகள்

நான் ஃபுட்பால் ரசிகை இல்ல, வீட்டுக்காரர்தான். ஆனா சொல்லாம இருக்க முடியல.

2023 ஆகஸ்ட் 30. நெப்ராஸ்கா ஃபுட்பால் மைதானமான மெமோரியல் ஸ்டேடியத்துக்குள்ள வாலிபால் கோர்ட் போட்டு பொண்ணுங்க ஆடினாங்களே, ஞாபகம் இருக்கா? 92,003 பேர். தஞ்சாவூர்ல இருந்து அத்தை வந்திருந்தாங்க, கூட்டிட்டுப் போனோம். கடல் மாதிரி கூட்டம். பொண்ணுங்க ஒரு செட்கூட விடாம ஜெயிச்சாங்க. அத்தைக்கு ஒரே சந்தோஷம், யாரோ குடுத்த சிவப்பு பாம்பாமை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து சாமி அலமாரிக்குப் பக்கத்துல வச்சுட்டாங்க.

மறுநாள் ராத்திரி மினசோட்டாவோட ஃபுட்பால், ரூலோட முதல் ஆட்டம். அதே சிவப்புன்னு அத்தையும் வந்து சோபாவுல உட்கார்ந்தாங்க. மூணு தடவை நம்ம பக்கம் பந்தை எதிராளி கையிலயே எறிஞ்சாங்க. கடைசி நொடியில மினசோட்டா ஃபீல்ட் கோல், 13-10. வீட்டுக்காரர் ரிமோட்டை வச்சுட்டு முகத்தை மூடிக்கிட்டார். அத்தை ரொம்ப நிதானமா, "ஏன்டா தம்பி, நேத்து ஆடுச்சே அந்தப் பொண்ணுங்களையே அனுப்பியிருக்கலாமே" அப்படின்னாங்க. அவருக்கு இன்னும் அது ஆறல. எனக்கு அதை நினைச்சா இன்னும் சிரிப்புதான்.

அயோவா எல்லை

அத்தை வாழ்க.

அந்த 13-10-ஐப் பத்திப் பேசலாமா? பொறுமைசாலி ஐயா படி ஏறுதுன்னு எழுதியிருக்கார். 2023-ல மினசோட்டா 13-10. மேரிலாண்ட் 13-10. அயோவா 13-10. 2024-ல மறுபடியும் அயோவா 13-10. நாலுமே தோல்வி, நாலுமே கடிகாரம் ஓஞ்ச நேரத்துல ஒரு உதை. இது எந்தப் படி ஐயா?

நான் இருக்கறது கவுன்சில் பிளஃப்ஸ், ஆத்துக்கு இந்தப் பக்கம் அயோவா, அந்தப் பக்கம் ஓமாஹா. ஆபீஸ்ல எனக்கு எதிர் சீட்டுக்காரன் ஹாக்கை, அதான் அயோவா டீம், ரசிகன். 2019-ல அவங்க கிக்கர் 48 யார்டு அடிச்சுட்டு நம்ம சைடுலைனைப் பாத்து முத்தம் ஊதினானே, அந்த போட்டோவை ப்ரிண்ட் எடுத்து வருஷா வருஷம் நவம்பர்ல அவன் மானிட்டர்ல ஒட்டுவான். 2024 பிளாக் ஃப்ரைடேல (தாங்க்ஸ்கிவிங் மறுநாள்) அவங்க 53 யார்டு உதை உள்ள போனப்ப நான் இன்னும் டிவியைக்கூட அணைக்கல, போன்ல மெசேஜ். எழுத்து எதுவும் இல்ல, அதே போட்டோ.

2015-ல இருந்து அயோவாவை நாம ஜெயிச்சது 2022-ல ஒரே தடவை, அதுவும் ஃப்ராஸ்ட் போன பிறகு தற்காலிக கோச்சா நின்ன மிக்கி ஜோசஃப் கீழ. பல மில்லியன் சம்பளக்காரங்களுக்கு முடியாதது அவருக்கு முடிஞ்சுது. அவரை நிரந்தரமாக்கல. அதுக்கு யார்கிட்டயாவது பதில் இருந்தா சொல்லுங்க.

கொங்கு ஹஸ்கர்

மிக்கி ஜோசஃப் பேச்சை எடுத்தா விடிஞ்சுருமுங்க, விடுங்க. 2024-ல விஸ்கான்சினை 44-25 அடிச்சதை ஒருத்தரும் சொல்லலியே? 2012-க்கு அப்புறம் இப்பத்தான் அவங்களை ஜெயிக்கறோம், ஆறாவது வெற்றியும் அதுதான், 2016-க்கு அப்புறம் முதல் பவுலும் அதாலதான். நவம்பர்ல அஃபென்ஸ் (தாக்குற பக்கம்) கோச்சா ஹோல்கர்சன் வந்து எந்த ஆட்டம் ஆடறதுன்னு சொல்ல ஆரம்பிச்ச பிறகுதான் அஃபென்ஸ் அசைஞ்சுதுங்க. அவரை செப்டம்பர்லயே கொண்டு வந்திருந்தா இல்லினாய்கிட்ட ஓவர்டைம்ல தோத்த ஆட்டமும் நம்ம பக்கம்தான்.

பழைய சிவப்பு

"இருந்தா", "வந்திருந்தா". 2003-ல இருந்து இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

ஓமாஹா மாமா

சண்டை வேணாம்ப்பா. 2025 சீசன் ஆகஸ்ட் 28, கான்சாஸ் சிட்டி ஏரோஹெட்ல சின்சினாட்டியோட ஆரம்பிக்குது. ஓமாஹாவுல இருந்து கார்ல மூணு மணி நேரம். என்கிட்ட ரெண்டு டிக்கெட் கூடுதலா இருக்கு, வாங்கின விலைக்கே தரேன். டப்ளின் தம்பி, உங்க அண்ணா இப்ப எங்க இருக்கார்? அவர் வரதா இருந்தா சொல்லுங்க, பியர் மட்டும் நான் பிடிச்சுக்கறேன்.