12-ஆம் மாத எக்ஸ்ரேக்கு 9 பேர் வரவில்லை, வழி சொல்லுங்கள்

நாகர்கோவிலில் எலும்பு முறிவு சிகிச்சை படிக்கிறேன். கணைக்கால் எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தவர்களை 6 வாரம், 3, 6, 12 மாதங்களில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடுவதை ரஸ்ட் மதிப்பெண்ணில் (4 முதல் 12 வரை; கூடக் கூட எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறது என்று பொருள்) பதிவு செய்யும் ஆய்வு. கடைசிச் சுற்றில் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் 9 பேர் வரவில்லை.

போன் போகவில்லை. கடிதம் போட்டேன். பயணச் செலவு தருவதாகவும் சொன்னேன். நேரில் போனபோது ஒரு அம்மா, தலையணை உறைக்குள் பத்திரப்படுத்திய ஆறாம் மாத எக்ஸ்ரேயை எடுத்துக் காட்டினார். மகன் கடலில். கூடாத எலும்போடு வலை இழுப்பவர்கள் இவர்களாக இருக்கலாம். விட்டுவிட்டால் ஆய்வின் முடிவு தப்பாகலாம், அவர்கள் காலும் பாதிக்கப்படலாம். பல படகுகள் கொச்சியில்தான் கரை சேர்கின்றன.

படகு திரும்பும் நாளை முன்கூட்டியே அறிய அங்கே யாரைக் கேட்க வேண்டும்?