இனிஷியல் மாறிய பிள்ளைகள்: யோசனை தேவை

வணக்கம். மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுத்த மீனவ அப்பாக்களுக்காக, மண்டபம் முதல் தொண்டி வரை கொடுக்க ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறோம். இதுவரை எழுதியது:

தினம் 15 நிமிடம், பிள்ளை சொல்லும் விளையாட்டு, பிள்ளை வைத்ததே சட்டம். சிப்பி அடுக்கினாலும் சரி. கையில் போன் கூடாது, நடுவில் திருத்தவும் கூடாது. முதல் ஒரு வருடம் கண்டிப்பு அம்மா வாயிலிருந்தே வரட்டும். ஒட்டுவதற்குள் அதட்டினால் ‘நீங்க யாரு?’ என்றுதான் திரும்பி வரும். ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல்லி நச்சரிக்க வேண்டாம், ‘சித்தப்பா’வே போதும்.

பெரிய தப்பு, கடலில் இறந்துபோன தகப்பன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவது. அடுத்தது, கலெக்டரின் தத்து உத்தரவு வந்த கையோடு பழைய நோட்டு அட்டையில் இனிஷியலை அடித்து எழுதுவது. பள்ளிப் பதிவு மாறட்டும், அந்த நோட்டு அப்படியே இருக்கட்டுமே! கரை வரும்போதெல்லாம் பொம்மை வாங்கினால் பிள்ளை முகத்தைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும். நகரை மீனை முள் எடுத்துத் தட்டில் வைப்பது அதைவிட மேல்.

இடிப்பது இங்கேதான். தொழிலுக்குப் போகும் நாளில் அந்த 15 நிமிடம் அறுந்துபோகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் 61 நாளும் வீட்டில், பிள்ளைக்குத் திகட்டிவிடுகிறது.

கடலில் இருக்கும் இரவுக்கு என்ன வழக்கம் வைக்கலாம்? தொட்டால் விலகும் 10 வயதுப் பெண்பிள்ளையோடு எதில் தொடங்குவது? கைகண்டதை மட்டும் எழுதுங்கள்.