ஃபிங்கர்டிப் யூனிட்டுக்குத் தமிழில் ‘கணு’?

வணக்கம்.

கரப்பான் என்னும் அரிப்புத் தோல்நோய் உள்ள குழந்தைகளின் வீட்டாருக்காகக் குமரி மாவட்டத்தில் கொடுக்கப்போகும் கையேடு ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. ஸ்டீராய்டு களிம்பை அளக்கும் ‘ஃபிங்கர்டிப் யூனிட்’தான் அது. பெரியவரின் ஆள்காட்டி விரலில் நுனி தொடங்கி முதல் மடிப்புக்கோடு வரை டியூபைப் பிதுக்கி ஒரு வரி இட்டால், ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை மூடும் பரப்புக்கு அது போதும்.

‘விரல்நுனி அளவு’ என்பதை மாற்றியே ஆக வேண்டும். நுனியளவு என்றதும் காதில் விழுவது பொட்டளவு. ஸ்டீராய்டு என்றாலே பயந்து ‘இச்சிரி போட்டா போதும்’ என்பவர்களுக்கு அந்தச் சொல்லே துணைபோகும். குறைத்துப் பூசினால் அழற்சி அடங்காது, அரிப்பு நிற்காது, பிள்ளை சொறிந்து புண்ணாக்கும். கடைசியில் அதே மருந்தை இன்னும் பல நாள் பூச வேண்டிவரும்.

‘விரற்கடை’ பழைய அளவு. ஆனால் அது விரலின் அகலம். இங்கே வேண்டியது நீளம். ‘கணு’ என்று வைக்கலாம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு முகம் கழுத்துக்கு ஒன்றரைக் கணு, ஒரு கை முழுக்க ஒன்றரை, ஒரு கால் முழுக்க இரண்டு, நெஞ்சு வயிற்றுக்கு இரண்டு, முதுகு புட்டத்துக்கு மூன்று. ‘ஒன்றரை விரல்நுனி அளவு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கும்.

> ‘கணு’ என்று வைக்கலாம்.

அண்ணாச்சி, கரும்பானாலும் விரலானாலும் கணு என்பது மூட்டு. இரண்டு மூட்டுக்கு நடுவிலுள்ள துண்டு அல்ல. ஆகவே ‘முதற்கணு அளவு’ என்றே எழுதுங்கள். பேச்சில் ‘கணு’ என்று தானாகச் சுருங்கிக்கொள்ளும். யார் விரல் என்பதும் விளக்கத்தில் வர வேண்டும். பிள்ளையின் விரலில் அளந்தால் மருந்து வெகுவாகக் குறைந்துபோகும்.

மருந்துக்கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். அரை கிராம் என்ற கணக்கு, டியூபின் வாய் 5 மில்லிமீட்டர் என்று வைத்துச் சொன்னது. துளை சிறுத்த டியூபில் அதே நீளம் இட்டாலும் எடை வராது. வீட்டிலேயே சரிபார்க்கலாம்: இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கையிலும் முழுக்க நாளுக்கு ஒருமுறை பூச 3 கணு, அதாவது ஒன்றரை கிராம். 15 கிராம் டியூப் 10 நாளில் தீர வேண்டும். பாதி மிச்சமிருந்தால் பூசியது போதவில்லை.

எனக்கும் முதற்கணு சம்மதம். ஆனால் ஈரம் காக்கும் களிம்புக்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். கணு, ஸ்டீராய்டுக்கு மட்டும்; அதுவும் தடித்துச் சிவந்த இடத்துக்கு மட்டும். ஈரக்களிம்பைக் கணக்குப் பார்க்காமல் உடம்பு முழுக்கப் பூச வேண்டும், வாரத்துக்கு 250 கிராம் செலவானாலும் சரி. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டி, துண்டால் தேய்க்காமல் ஒத்தியெடுத்து, தோல் காயுமுன் அதைப் பூசிவிட வேண்டும். ஸ்டீராய்டுக்கும் அதற்கும் அரைமணி இடைவெளி நல்லது.

படத்தில் விரலின் முதல் மடிப்பில் பேனாக் கோடு போட்டே காட்டுங்கள் அண்ணாச்சி. உள்ளங்கைப் பக்கமிருந்து எண்ணி, அடிமூட்டை ‘முதல்’ என்று எடுப்பவர்களும் இருப்பார்கள். அப்படி எடுத்தால் விரல் நீளம் முழுக்க மருந்து வந்துவிடும்.