கிறிஸ்மஸ் நேரத்துல, கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட இயேசுவைப் பத்திப் பேசலாமா?

கடுகுவிதை:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா மனசுல கிடக்கற விஷயம், இங்க கேட்டுடறேன். போன கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் எங்க சபையிலேருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் கேரல் பாடினோம், பாடி முடிச்சுட்டு ஒவ்வொரு பெட்டா போய் ஒரு வாழ்த்து அட்டையும் அதுக்குள்ள ஒரு துண்டுப்பிரதியும் குடுத்தோம். ஜன்னலோர பெட்ல ஒரு பெரியவர், மூக்குல டியூப், பக்கத்துல அவர் பொண்ணு. அட்டையை அந்தப் பொண்ணுதான் வாங்கிச்சு. பிரிச்சுப் பாத்தா முதல் வரியே 'இன்று நீ மரித்தால் எங்கே போவாய்?'னு பெரிய எழுத்துல இருக்கு. ஒண்ணுமே சொல்லல. அதை மடிச்சா, திரும்ப மடிச்சா, கடைசியா உள்ளங்கைக்குள்ள வச்சு இறுக்கிக்கிட்டா. எங்களைப் பாத்து தேங்க்ஸ்னுகூட சொன்னா. அவங்க அப்பா கண்ணுல அது பட்டுடக்கூடாதுன்னுதான் அப்படி மறைச்சிருக்கான்னு எனக்கு லிஃப்ட்ல இறங்கும்போதுதான் உறைச்சுது.

இந்த வருஷம் அந்த கேரலை ஒழுங்கு பண்ற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு. பிரதி கொண்டு போகவா வேண்டாமா? கஷ்டத்துல இருக்கறவங்ககிட்ட விசுவாசத்தைப் பகிர்றது எங்க வரைக்கும் சரி?

எக்காளம்:
சிஸ்டர், அந்தக் குறிப்பிட்ட பிரதி தப்பு, ஒத்துக்கறேன், சாகப்போறவர் பெட்ல அந்தக் கேள்வியை வைக்கறவனுக்கு மனசு இல்ல. ஆனா ஒரு பிரதி தப்புன்னா பிரதியே தப்புன்னு போயிடாதீங்க. 'பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள்'னு பவுல் கேட்டது பைபிள்ல ரோமர் 10ல அப்படியே இருக்கு. கிறிஸ்மஸ்ங்கறதே ஒரு அறிவிப்புதானே? ராத்திரி வயல்ல ஆடு மேய்ச்சுட்டு இருந்தவங்ககிட்ட தூதன் வந்து எல்லா ஜனத்துக்கும் சந்தோஷம்னு சொன்னான், உங்களுக்கு இப்ப டைம் இருக்கா, பேசலாமான்னு கேட்டுட்டா சொன்னான்?

என் கதையையும் சொல்லிடறேன். தொழில் மொத்தமா போய், குடிச்சுக் குடிச்சு வீட்டுல யாரும் என்கூட பேசாத ஒரு கிறிஸ்மஸ் ராத்திரி, பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல உக்காந்திருந்தப்ப ஒரு பையன் கையில ஒரு பேப்பரைத் திணிச்சுட்டுப் போனான், அவன் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல, ஆனா அந்தப் பேப்பர்ல இருந்த ஒரு வசனம்தான் மறுநாள் காலையில என்னை எழுப்பி ஒரு சபை வாசல்ல நிறுத்துச்சு. இவர் கஷ்டத்துல இருக்காரு, தொந்தரவு பண்ண வேண்டாம்னு அந்தப் பையன் நாகரிகமா ஒதுங்கிப் போயிருந்தா இன்னிக்கு இதை டைப் பண்ண நான் இல்ல.

கேள்விக்குறி:
நான் கிறிஸ்டியன் இல்ல, கடவுள் நம்பிக்கையும் இல்ல, ஆனா இந்தக் கேள்விக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு பதில் வேணும்னு எழுதறேன். எக்காளம் அண்ணா, உங்க வாழ்க்கை திரும்பினதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனா பெஞ்சுல இருந்த உங்களால எழுந்து போக முடிஞ்சுது. பேப்பரைக் கிழிச்சுப் போட முடிஞ்சுது. மூக்குல டியூப் இருக்கறவரால எங்க போக முடியும்?

எங்க அம்மாவுக்கு கேன்சர் கடைசி ஸ்டேஜ். ஒருத்தர் வீடு தேடி வந்து ஜெபம் பண்ணினார், நானும் வேண்டாம்னு சொல்லல, நல்ல மனசோட வர்றாருன்னுதான் நினைச்சேன். போகப் போக 'நீங்க குடும்பமா விசுவாசிச்சா அம்மா எழுந்து நடப்பாங்க'ன்னு ஆரம்பிச்சார். அம்மா அதை நம்பிட்டாங்க. ஒரு நாள் ராத்திரி என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'எனக்காக ஒரு தடவை முழங்கால் போடுடா'ன்னு கேட்டாங்க. போட்டேன், எனக்கு நம்பிக்கை இல்லாமயே போட்டேன். மூணு வாரத்துல அம்மா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்த ஆள் சொன்னது, உன் விசுவாசம் பத்தலன்னு. இதை அன்புன்னு என்னால சொல்ல முடியல. முடியாதவன் கழுத்துல கால் வைக்கறதுன்னுதான் சொல்லுவேன்.

இன்னொண்ணு, மேய்ப்பர்கள் கதையை நானும் படிச்சிருக்கேன். தூதர்கள் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் அவங்களேதான் 'பெத்லகேமுக்குப் போய்ப் பாப்போம்'னு தங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிக் கிளம்பினாங்க. முடிவு அவங்க கையில இருந்துச்சு.

இரவுப்பணி:
நான் நர்ஸ், பதினெட்டு வருஷ சர்வீஸ், கிறிஸ்மஸ் ராத்திரி பாதிக்கு மேல வார்டுலதான். விசுவாசிதான் நான். கேள்விக்குறி தம்பி, உங்க அம்மா விஷயத்துல நடந்தது பாவம், அதுக்கு வேற பேர் இல்ல. சுகமாகும்னு வாக்குக் குடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது, ஆகலன்னா பழியை குடும்பத்து மேல போடறது அதைவிட மோசம். பைபிள்ல எல்லாத்தையும் இழந்துட்டு நிக்கற யோபுவோட கூட்டாளிங்க பண்ணினது இதேதான். முதல் ஏழு நாள் ராப்பகலா தரையில அவன்கூட உக்காந்து ஒரு வார்த்தைகூட பேசல, அது வரைக்கும் நல்லவங்க. எப்ப வாயைத் திறந்து உன் தப்புனாலதான்னு ஆரம்பிச்சாங்களோ அங்க கெட்டுச்சு. கடைசியில கடவுளே அவங்க மேல கோவப்படறார்.

நான் வேலையில பாக்கறதைச் சொல்றேன். யூனிஃபார்ம் போட்டிருக்கற வரைக்கும் நானா பேச்சை எடுக்க மாட்டேன். ஏன்னா என் கையில அவங்க ஊசி இருக்கு, பெட்பேன் இருக்கு, நான் என்ன சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வாங்க, அந்த 'சரிங்க சிஸ்டர்'க்கு மதிப்பு கிடையாது. ஆனா கேட்டா பதில் சொல்லுவேன். பேதுரு எழுதினதே 'விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்' பதில் சொல்லுங்கன்னுதான், அதுவும் சாந்தத்தோட. ஒரு கிறிஸ்மஸ் ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஒரு தாத்தா பெட்ஷீட்டை மூணாவது தடவை அசுத்தம் பண்ணிட்டார். வெக்கத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டார், நான் சூடு தண்ணி வச்சுத் துடைச்சுட்டு இருந்தேன். சுவத்தைப் பாத்துக்கிட்டே, 'உனக்கு எப்படிம்மா கோவம் வராம இருக்கு'ன்னு கேட்டார். எனக்கும் வரும் தாத்தா, ஆனா என் ஆண்டவர் சீஷங்க காலைக் கழுவினவர், அதை நினைச்சுக்குவேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, 'அப்புறம்?'னார். விடியற வரைக்கும் ரவுண்ட்ஸுக்கு நடுவுல விட்டு விட்டுப் பேசினோம்.

எக்காளம்:
சிஸ்டர் நீங்க பண்றது அருமையான சாட்சி, அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா எல்லாரும் கேப்பாங்களா? கேக்கத் தெரியாதவங்க, கேக்க வெக்கப்படறவங்க, இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவங்க என்ன ஆவாங்க? லாசரு செத்து நாலு நாள், அவன் சகோதரி மார்த்தாள் துக்கத்துல நிக்கறா, அவகிட்ட இயேசு 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்'னு நேராச் சொல்லி, இதை விசுவாசிக்கிறியான்னு கேள்வியும் கேக்கறார். அந்தத் துக்கத்துக்கு நடுவுலயேதான் கேக்கறார்.

இரவுப்பணி:
அதே அதிகாரத்தை இன்னும் பத்து வசனம் தாண்டிப் படிங்க அண்ணா. இன்னொரு சகோதரி மரியாளும் வந்து, மார்த்தாள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்றா, 'நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்'னு. அவகிட்ட உபதேசம் ஒண்ணும் பண்ணல. 'இயேசு கண்ணீர் விட்டார்', அவ்வளவுதான் இருக்கு. ஒரே வீடு, ஒரே சாவு, ரெண்டு அக்கா தங்கச்சி. ஒருத்திகிட்ட பேசினார், இன்னொருத்திகூட அழுதார். எது யாருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுது. நமக்குத் தெரியாது, அதனாலதான் முதல்ல உக்காந்து பாக்கணும்னு சொல்றேன். வார்டுக்குள்ள நுழைஞ்ச ரெண்டாவது நிமிஷம் முப்பது பெட்டுக்கும் ஒரே பேப்பரைக் குடுத்துட்டுப் போனா யார் மார்த்தாள் யார் மரியாள்னு எப்படித் தெரியும்?

பழையஏடு:
நடுவுல வர்றேன், சரித்திரத்துல ரெண்டு பக்கமும் இருக்கு. கி.பி. 250களில் ரோமப் பேரரசு முழுக்க ஒரு கொள்ளைநோய் அடிச்சுது. அலெக்சாந்திரியா பிஷப் தியோனிசியஸ் எழுதின கடிதத்துல, நோய் வந்தவங்களை சொந்தக்காரங்களே ரோட்டுல தள்ளினப்ப கிறிஸ்தவங்க பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டதையும் அதுலயே பலர் செத்துப் போனதையும் சொல்றார். ஒரு நூறு வருஷம் கழிச்சு 361லேருந்து 363 வரைக்கும் ஆண்ட ரோமப் பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவத்தை விட்டுட்டுப் பழைய தெய்வங்களுக்குத் திரும்பினவர், இந்த மதத்தை ஒழிக்கணும்னு நினைச்சவர், அவரே ஒரு கடிதத்துல இவங்க தங்களோட ஏழைகளை மட்டுமில்லாம நம்ம ஏழைகளையும் சேத்துப் பாத்துக்கறாங்களேன்னு புலம்பறார். எதிரியே குடுத்த சாட்சி அது.

இப்ப அந்தப் பக்கம். 1845க்கு அப்புறம் அயர்லாந்துல உருளைக்கிழங்கு அழுகி பெரும் பஞ்சம், லட்சக்கணக்குல சாவு. சில புராட்டஸ்டன்ட் மிஷன்கள் பள்ளிக்கூடத்துல பைபிள் பாடத்தோட சேத்து சூப் குடுத்தாங்க, கத்தோலிக்கக் குழந்தைங்க வந்து உக்காந்தாங்க. சூப்புக்காக மதம் மாறினவங்கற வசவு அந்தக் குடும்பங்களை விட்டுத் தலைமுறைக்கும் போகல. அதே பஞ்சத்துல குவேக்கர்கள்ங்கற கிறிஸ்தவப் பிரிவினரும் சூப் குடுத்தாங்க, நீ யார் என்னன்னு கேக்காம. அவங்களை அயர்லாந்து இன்னும் நன்றியோட நினைக்குது.

இந்த மாதிரி அனுபவத்துலேருந்துதான் 1994ல செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் போட்ட நடத்தை விதியில, எந்த அரசியல் மதக் கருத்தையும் வளக்க உதவியைப் பயன்படுத்தக்கூடாதுன்னு வச்சாங்க. உலக சபைகள் மன்றமும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் அந்த விதியை முன்வச்சவங்கள்ல உண்டு. 2011ல வத்திக்கானும் உலக சபைகள் மன்றமும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேந்து வெளியிட்ட அறிக்கையும், சாட்சி சொல்றது கிறிஸ்தவங்க கடமைன்னு சொல்லிட்டு, ஜனங்களோட வறுமையையும் தேவையையும் சாதகமா எடுத்துக்கறதுக்கு அதுல இடமே இல்லன்னு சொல்லுது.

எக்காளம்:
பழையஏடு ஐயா, அந்த 1994 விதியிலயே அமைப்புகளுக்கு மதக் கருத்து வச்சிருக்க உரிமை உண்டுன்னும் இருக்கு. சூப்புக்கு விலையா பைபிள் கேக்கறதை நானும் வெறுக்கறேன். உதவி வேற, வாய் வேற. உதவி பண்ற நேரத்துல வாயை மூடிக்கோன்னு யாரும் சொல்லல. அப்புறம் அந்த போட்டோ புடிக்கற பழக்கம், நோயாளி பக்கத்துல நின்னு பார்சலை நீட்டிக்கிட்டு குரூப்ல போடறது, அதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக்கூடாதுன்னு படிச்சவங்கதானே நாம.

கடுகுவிதை:
எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை படிச்சேன். முடிவு பண்ணினதைச் சொல்றேன். முன்னாடியே வார்டு இன்சார்ஜ்கிட்ட பேசி, யாரெல்லாம் பாட்டு கேக்க விரும்பறாங்கன்னு கேக்கச் சொல்லப் போறேன், வேண்டாம்னு சொன்ன பக்கம் போக மாட்டோம். பன்னிரண்டு பேர் வேண்டாம், நாலு பேர் போதும், வாத்தியம் இல்லாம மெதுவா. அட்டையில வாழ்த்தும், ஜெபிக்கணும்னா பேசணும்னா கூப்பிடுங்கன்னு ஒரு நம்பரும் மட்டும். சில நாடுகள்ல டிசம்பர் 21 வாக்குல, வருஷத்தோட நீளமான ராத்திரியில, துக்கத்துல இருக்கறவங்களுக்குன்னே மெழுகுவர்த்தி மட்டும் ஏத்தி ஒரு ஆராதனை வைக்கறாங்க, கொண்டாட்டம் எதுவும் இல்லாம. அதையும் எங்க ஆயர்கிட்ட கேட்டிருக்கேன். விரும்பறவங்க வரட்டும்.

எக்காளம் அண்ணா, உங்க பெஞ்சை நான் மறக்கல. அதனாலதான் அந்த நம்பர்.

கேள்விக்குறி தம்பி, உங்களை ஒண்ணு கேக்கலாமா, கஷ்டமா இருந்தா விட்டுடுங்க. அம்மா படுத்திருந்தப்ப எங்க ஆளுங்கள்ல யாராவது சரியா நடந்துக்கிட்டாங்களா?

கேள்விக்குறி:
ஒருத்தங்க இருந்தாங்கக்கா. மாடி வீட்டு அம்மா. கழுத்துல சின்னதா ஒரு சிலுவை. தினம் சாயங்காலம் வருவாங்க, ஒண்ணும் பேச மாட்டாங்க, கீமோவுக்கு அப்புறம் அம்மா தலையில பொசுபொசுன்னு முளைச்சிருந்த முடியை எண்ணெய் தொட்டு விரலாலயே கோதிவிட்டுட்டுப் போவாங்க. சீப்பு பட்டா வலிக்கும்னு அவங்களா கண்டுபுடிச்சாங்க. அம்மா தூங்கறதே அப்பதான். அந்த வருஷ கிறிஸ்மஸ் அன்னிக்கும் வந்தாங்க, அவங்க வீட்டுல விருந்தாளிங்க சத்தம் கேக்குது, இவங்க எங்க வீட்டுல உக்காந்திருக்காங்க. ஏன் இப்படி வர்றீங்கன்னு கேக்கணும்னு பல தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அப்புறம் வீடு மாத்திட்டுப் போயிட்டாங்க.

எக்காளம்:
அவங்க சொல்லியிருக்கணும் தம்பி. நீங்க கேக்கத் தயாரா இருந்திருக்கீங்க.

கேள்விக்குறி:
அவங்களாச் சொல்லியிருந்தா மறுநாள் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன் அண்ணா. அம்மாவுக்கு அந்தத் தூக்கமும் போயிருக்கும்.