பேசுபவரை விட்டுவிட்டுக் காலி நாற்காலியைக் காட்டும் கூட்ட அறைக் கேமரா

கேள்வி:
வணக்கம். எங்கள் கூட்ட அறையில் டிவிக்குக் கீழே கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்த ஒரு கருவி இருக்கிறது. பேசுபவரைத் தானாகக் கண்டறிந்து அருகில் காட்டும் வசதி அதில் உண்டு. இடப்பக்கம் அமர்ந்திருப்பவர் கேமராவைப் பார்த்துப் பேசினால் சரியாக இருக்கிறது. அவரே எதிரில் இருப்பவரிடம் திரும்பிப் பேசினால், வலப்பக்கக் கண்ணாடிச் சுவரை ஒட்டிய காலி நாற்காலியைக் காட்டுகிறது. மறுமுனையில் இருப்பவர் பேசும்போதும் கேமரா யாரையோ தேடி அலைகிறது. ஒலியை டிவி ஸ்பீக்கரில் கேட்கிறோம். மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை.

பதில் 1:
ஒரே குரல் ஒவ்வொரு மைக்கையும் எவ்வளவு முன்பின்னாக வந்தடைகிறது என்பதை வைத்தே கருவி திசையைக் கணிக்கிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், 10 செ.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு மைக்குகளுக்கு இடையே அதிகபட்ச வேறுபாடு 0.3 மில்லிநொடிகூட இருக்காது. பேசுபவர் முகத்தைத் திருப்பியதும் நேராக வரும் குரல் தணிந்து, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் குரல் ஓங்கிவிடுகிறது. கண்ணாடியின் மேல் கனமான திரைச்சீலையைத் தொங்கவிட்டு, அதே நபரை அதே நாற்காலியில், அதே பக்கம் திரும்பிப் பேசச் சொல்லிப் பாருங்கள். கேமரா தடுமாறாவிட்டால் காரணம் கண்ணாடிதான்.

பதில் 2:
மறுமுனைக் குரலுக்குக் காரணம் வேறு. எதிரொலி நீக்கும் பகுதி, ஸ்பீக்கருக்குத் தான் அனுப்பிய ஒலி மைக்கில் எப்படித் திரும்பி வரும் என்று கணித்து, அதைக் கழித்துவிடும். டிவி அந்த ஒலியைத் தாமதப்படுத்தி, தன் விருப்பப்படி மெருகேற்றி வெளியிட்டால் கணக்குப் பொருந்தாமல் போய், மிச்சமுள்ள குரலை அறைக்குள் இருக்கும் ஒருவருடையது என்று கருவி எடுத்துக்கொள்ள நேர்கிறது. டிவியின் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுக் கருவியின் ஸ்பீக்கரையே பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஸ்பீக்கரை மாற்றியதும் அந்த அலைச்சல் நின்றுவிட்டது. திரைச்சீலை போட்டதும் காலி நாற்காலியும் வருவதில்லை. ஆனால் இருவர் மாறி மாறி வாதிடும்போது படம் இங்கும் அங்கும் தாவுவதால், மறுமுனையில் பார்ப்பவர்கள் கண் வலிக்கிறது என்கிறார்கள்.

பதில் 1:
அத்தகைய கூட்டங்களுக்குப் பேசுபவரைத் தொடரும் முறை பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. ஒருவர் நெடுநேரம் விளக்கும் கூட்டத்துக்குத்தான் அது ஏற்றது. அமைப்புகளில், அறையில் உள்ள அனைவரையும் ஒரே ஃபிரேமில் அடக்கும் முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். கேமரா 4கே வகையாக இருந்தால், 3840 பிக்சல் அகலத்தில் பாதியை வெட்டி எடுத்தாலும் 1920 பிக்சல் மிஞ்சும். முகங்கள் தெளிவாகவே தெரியும். தொடரும் முறைதான் வேண்டுமென்றால், ஆள் மாறுவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டும் வசதி உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், இடையில் வரும் "ஆமாம்", "சரி" போன்ற சிறு சொற்களுக்கெல்லாம் படம் தாவாது.