புதிய பயிற்சிப் பட்டறைக்குத் திட்டம் கேட்கிறார்கள், முதலில் எதைப் பார்ப்பது?

உவர்மலை வாசி

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு பல்தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பிக்கிறேன். பெயர் வேண்டாம், எங்கள் ஆக்களும் இங்கே வந்து போகிறவர்கள். கைத்தொழில் பாடங்களுக்கென்று புதுக் கட்டடம் ஒன்று போட யோசனை வந்திருக்கிறது. வெல்டிங், வயரிங், ஏசி - ஃபிரிட்ஜ், படகு மோட்டார் திருத்தம் ஆகிய நான்கும்தான் இப்போதைக்குப் பட்டியலில். நிலம் கிட்டத்தட்ட 120 அடிக்கு 60 அடி. ஒரு மாதத்துக்குள் முதல் திட்டத்தை எழுதித் தரும்படி என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வரைபடக்காரர் ஏற்கெனவே ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தார். இரண்டு மாடி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே கூட்ட மண்டபம். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அடிவயிற்றில் ஒரு பயம். முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படித்தான் திறப்புவிழா பெரிதாக நடந்தது. அடுத்த மாரிக்குள் இரும்பு கடையும் லேத் மெசின்களின் படுகையில் துரு பூத்துவிட்டது, ஒன்றரை வருடம் பொலித்தீன் போர்த்தி வைத்திருந்தோம், பிள்ளைகள் கரும்பலகையில் லேத் படித்தார்கள். அது திரும்பவும் நடக்கக் கூடாது. கட்டடம், கருவிகள், பாட நேரம் இவற்றில் எதிலிருந்து தொடங்குவது? தொழில் செய்கிறவர்கள் சொன்னால் நல்லது.

சீனக்குடா வெல்டர்

சேர், கண்ணாடியை முதலில் கழற்றச் சொல்லுங்கள். ஆர்க் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறித்தால் ரோட்டில் போகிறவனுக்கும் இரவு கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். வெல்டிங் அறைச் சுவருக்குப் பளபளப்பு பெயின்ட்கூட ஆகாது, மங்கலாக ஒளியைத் திருப்பி அடிக்காத பெயின்ட்தான் வேண்டும்.

நான் கட்டாரில் ஆறு வருடம், பிறகு இங்கே. அங்கே பயிற்சிக்கூடத்தில் ஒவ்வொருவரும் நின்று ஒட்டும் தடுப்புக்கும் ஒரு உறிஞ்சுகுழாய், யானைத் தும்பிக்கைபோல வளைத்து ஒட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைக்கலாம். புகை முகத்துக்கு ஏற முதலே போய்விடும். இங்கே என்ன செய்கிறோம், கூரையில் பெரிய ஃபேனைப் பூட்டிவிட்டு காற்றோட்டம் என்கிறோம். அந்த ஃபேன் புகையைப் பொடியனின் மூக்கு வழியாகத்தான் மேலே இழுக்கிறது. 2017இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியில் சேர்த்துவிட்டது, இதை மேலிடத்துக்கு எழுதும் கடிதத்தில் போடுங்கள், காசு கேட்க வசதி. நாகம் பூசின ஜீ.ஐ. குழாயைச் சுரண்டாமல் ஒட்டிப்போட்டு இரவு குளிர் காய்ச்சலில் நடுங்கினவனைக் கேட்டால் மிச்சம் சொல்வான். நாகப் புகையின் வேலை அது. மலேரியா என்று நினைத்து இரத்தம் சோதிக்கப் போனவர்களும் உண்டு, நான் உட்பட.

அடுத்தது காற்று. வெளியாட்களுக்கு இது விளங்காது. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மேற்குப் பக்கம் கதவைத் திறந்து வைத்து மிக் வெல்டிங் (காஸால் ஒட்டை மூடிக்கொண்டு ஒட்டுவது) செய்து பாருங்கள். முகத்தில் படுகிற அளவு காற்றே போதும், காஸ் போர்வையைத் தள்ளிவிடும். ஒட்டு முழுக்க ஓட்டை விழுந்து இடியப்பச் சட்டிபோல் வரும். பொடியன் தன் கை சரியில்லை என்று நினைத்து மனம் விட்டுவிடுவான், பிழை கதவில். ஆகவே கட்டடத்தின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், திறப்புகள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும், வெயிலும் குறையும். தடுப்பு ஒன்று ஏழடிக்கு ஏழடி, 16 பேர் என்றால் எட்டு எட்டாக இரண்டு வரிசை, 56 அடி நீளத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேல் ஒரு வகுப்பில் ஆள் எடுக்காதீர்கள். ஒரு ஆசிரியர் 30 பேரின் கையைப் பார்க்க முடியாது.

இன்னொன்று, அப்புறம் மறந்துவிடுவேன். குச்சிக்கும் தகட்டுக்கும் வருடாவருடம் காசு ஒதுக்காவிட்டால் கட்டடமே வேண்டாம். ஒரு பிள்ளை நேராக ஒரு ஒட்டு இழுக்கப் பெட்டி பெட்டியாகக் குச்சி எரிக்க வேண்டும். ஈரம் ஆகாத 7018 வகைக் குச்சி வாங்கினால் சூடாக்கும் அடுப்பும் சேர்த்து வாங்குங்கள், எங்கள் கடற்காற்றில் திறந்த பெட்டி ஒரே நாளில் ஈரம் குடித்துவிடும்.

மூன்று ஃபேஸ்

வெல்டர் அண்ணா சொன்னதெல்லாம் சரி. ஆனால் தொடங்க வேண்டிய இடம் மின்சாரம். நான் வயரிங் ஒப்பந்த வேலை செய்கிறவன். கட்டி முடித்துப் பெயின்டும் அடித்த பிறகு என்னைக் கூப்பிட்டு "தம்பி, மெசின் எல்லாம் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிறது" என்று சொன்ன இடங்கள் எத்தனை!

கணக்கு இப்படி. சின்ன இன்வேட்டர் வெல்டிங் மெசின் ஒன்று முழு ஓட்டத்தில் 7 கேவிஏ (மின்சுமையின் அளவு) இழுக்கும் என்று வையுங்கள். 16 மெசினுக்கு 112. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒட்டமாட்டார்கள், குச்சி மாற்றுவான், கசடு தட்டுவான், பக்கத்து ஆளோடு கதைப்பான், ஆகவே பாதியளவு பிடிக்கலாம். அதோடு கம்பிரசர், லேத், ஏசி பட்டறை, புகை உறிஞ்சும் மோட்டார். எப்படிப் பார்த்தாலும் 42 கேவிஏக்கு மேலே போய்விடுவீர்கள். அதற்கு மேலே போனால் மின்சார சபையின் மொத்தப் பாவனையாளர் வகைக்குள் வருவீர்கள். அங்கே எரித்த யூனிற்றுக்கு மட்டும் காசு கட்டினால் போதாது, மாதத்தில் ஒரு தடவை எவ்வளவு உச்சமாக இழுத்தீர்கள் என்பதற்கும் தனிக் கட்டணம். ஒரு செய்முறைப் பரீட்சை நாளில் 16 பேரும் ஒன்றாய் ஆர்க் அடித்தால் அந்த மாத பில் முழுக்க அந்த ஒரு காலைதான்.

அதோடு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேர விலை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வகுப்பு வைக்க ஆசைப்படுவீர்கள், வையுங்கள், ஆனால் வெல்டிங்கை 6.30க்கு முன் முடித்துவிட்டு பாடம், வரைபடம் வாசிப்பு, வயரிங் பலகை வேலை இவற்றைப் பின்னால் தள்ளுங்கள். மின்மாற்றி தேவையா என்பதை இப்போதே சபையில் எழுத்தில் கேளுங்கள். கூரையில் சூரியத்தகடு போடலாம், பகல் வகுப்புக்கு நன்றாக உதவும். பிள்ளைகளே அதைப் பூட்டினால் சம்பூர்ப் பக்கம் வருகிற சூரிய மின் வேலைகளுக்கும் ஆள் தயார்.

கிண்ணியா மகள்

நான் மின்னிணைப்பில் என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) 4 முடித்தவள், எங்கள் வகுப்பில் 20 பேரில் மூன்று பேர்தான் பெண்கள். நானாமார் எல்லாரும் மெசினைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஆகவே நான் மற்றதைச் சொல்கிறேன். உடை மாற்றும் அறை. நான் படித்த இடத்தில் பெண்களுக்கு ஓவரோல் மாற்ற இடமே இல்லை, காரியாலயத்து மிஸ்ஸிடம் சாவி வாங்கி ஸ்டோர் அறையில் மாற்றுவோம், மிஸ் லீவு எடுத்தால் வீட்டிலிருந்தே ஓவரோலோடு பஸ்ஸில் வர வேண்டியதுதான். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி அதற்காகவே நின்றுவிட்டாள். கெட்டிக்காரி, எங்கள் மூவரிலும் டி.பி. பெட்டியை (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வடிவாகக் கட்டுகிறவள் அவள்தான். ஃபர்தாவோடு வருகிற பிள்ளைகளுக்கு நைலோன் கலக்காத பருத்தித் தலைத்துணியை உடுப்புப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள், பிறகு சண்டை வராது.

கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு எங்களுக்கு நகரம் கிட்ட வந்துவிட்டது. அதற்கு முன்பு வாப்பா படகுப் பாதைக்குக் காத்திருந்த கதையை இன்னும் சொல்வார். ஆனாலும் மூதூர்ப் பக்கம், தம்பலகாமப் பக்கம் பிள்ளைகள் மாலை வகுப்பு முடித்துக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்களா என்று நேரசூசி எழுத முதல் பஸ் நிலையத்தில் போய்க் கேளுங்கள். பாடத்தைச் சனி, ஞாயிறு முழு நாளாக வைத்தால் நாங்கள் வருவோம்.

இன்னொன்று சேர். என் பெரியப்பா 25 வருடம் மேசன், ஒரு பேப்பரும் இல்லை. முன்கற்றல் மூலம், அதாவது வேலை அனுபவத்தைப் பார்த்து, அவர் மாதிரி ஆக்களை மதிப்பிட்டு என்.வி.க்யூ. சான்றிதழ் கொடுக்கலாம்தானே. புதுக் கட்டடத்தில் அதற்கு வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அவர்கள் வந்து போனால் உங்கள் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கப்போகிற ஆக்களும் அவர்கள்தான்.

மீன்பிடித்துறை மெக்கானிக்

படகு மோட்டார் பாடத்துக்கு என்னுடைய இரண்டு சதம். பெரிய தண்ணீர்த் தொட்டி இல்லாமல் அந்தப் பாடம் வேண்டாம். மோட்டாரை நிலத்தில் வைத்து ஓட்டினால் தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம் ஒரு நிமிடத்தில் கருகிவிடும், பிறகு அது பாடம் இல்லை, செலவு. தொட்டி நல்ல தண்ணீரில் இருக்கட்டும், ஆனால் பழுதுபட்ட மோட்டார்கள் உப்போடு வரட்டும். புது மோட்டாரைக் கழற்றிப் படித்தவன் கடற்கரைக்கு வந்தால் முதல் போல்ட்டையே உடைத்துவிடுவான், உப்பு இறுகின போல்ட்டைச் சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கழற்றுவதுதான் எங்கள் தொழிலில் பாதி.

2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனபோது எத்தனை படகு கரையில் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பழைய மண்ணெண்ணெய் மோட்டாரைப் பெற்றோலுக்கு மாற்றிக் கேட்டு வருகிறார்கள், எரிபொருள் குறைய எரிக்கும் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரும் விசாரிக்கிறார்கள். இரண்டு ஸ்ட்ரோக்கோடு பாடம் நின்றுவிடக் கூடாது.

ஃபைபர் படகுத் திருத்தமும் ஒருநாள் கேட்பார்கள். அதை வெல்டிங்குக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். ரெசின் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒரே அலுமாரியில், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த ஒரு இடத்தை நான் கண்டேன். இரண்டும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். அதை வைத்தவர் படித்த ஆள்தான்.

உவர்மலை வாசி

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. இன்று காலை தேர்ச்சி நியமங்களையும் பாடவிதானங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்டிருக்கிற கருவிப் பட்டியலைப் பார்த்தேன், நாங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை, எல்லாம் அதில் கிடக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பாடநெறியை அங்கீகரிக்கப் போகும்போது இதே பட்டியலைத்தான் பார்ப்பார்கள் என்பது எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

கூட்ட மண்டபத்தை வெட்டிவிடப் பார்க்கிறேன். சண்டை வரும், சரி, வரட்டும். ஒரே மாடி. வடக்குப் பக்கம் வெல்டிங், நடுவில் வயரிங்கும் ஏசியும், தெற்கு மூலையில் மோட்டார், தொட்டிக்குத் தனிக் கூரை. உடை மாற்றும் அறைக்குப் பெண்கள் பக்கம் தனி வாசல், சாவி பெண்கள் கையில். ஏசி பாடத்தில் ஒரு கேள்வி: குளிரூட்டுகிற ஆர்-32 காஸ் மெல்லத் தீப்பிடிக்கும் என்கிறார்களே, அதையும் வெல்டிங்கையும் ஒரே கூரையின் கீழ் வைக்கலாமா? ஒக்சிஜன், அசிட்டிலீன் சிலிண்டரை எங்கே வைப்பது என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மூன்று ஃபேஸ்

நடுவில் முழுச் சுவர் எழுப்பி, ஏசி அறைக்குத் தனிக் காற்றோட்டம் கொடுத்தால் வைக்கலாம். பழைய ஏசி காஸான ஆர்-22 வளர்முக நாடுகளில் 2030க்குள் முடிகிறது, ஆகவே ஆர்-32ஐ ஒதுக்கவும் முடியாது. காஸ் நிரப்பும் மேசைக்கு மேலே பொறி வராத சுவிட்ச் மட்டும் போடுங்கள்.

சீனக்குடா வெல்டர்

சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, கூரை போட்ட கம்பிக் கூடு. ஒக்சிஜன் ஒரு பக்கம், அசிட்டிலீன் ஒரு பக்கம், நடுவில் 20 அடி இடைவெளி, இடம் இல்லாவிட்டால் ஐந்தடி உயரத்துக்கு எரியாத சுவர். நிமிர்த்தி வைத்துச் சங்கிலி போடுங்கள், அசிட்டிலீனைப் படுக்க வைக்கவே கூடாது. வெயில் படாத பக்கமாக இருக்கட்டும். முக்கியம், லொறி அதுவரை வந்து திரும்ப வேண்டும், அதை வரைபடக்காரர்கள் மறப்பார்கள், பிறகு பிள்ளைகள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போவார்கள். ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போங்கள் சேர், கயிறும் ஒரு பை சுண்ணாம்பும் போதும், அளந்து கோடு போட்டுப் பார்ப்போம். எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று நானும் வந்து நிற்கிறேன். லொறிக்காரத் தம்பியையும் கூட்டி வருகிறேன்.