சாம்பல் கலந்த கான்கிரீட்: 28 நாள் பல்லவியை எப்போது நிறுத்துவீர்கள்?

கலவைக்காரன்:
நேற்று முட்டுப்பலகை எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "அனல்மின் நிலையங்கள் கொட்ட இடமில்லாத நிலக்கரிச் சாம்பல் குப்பையைச் சிமெண்டில் தள்ளிவிட்டு, அதற்குப் பயன்பாடு என்று பெயர் சூட்டுகின்றன. 28 நாளில் பலம் வராதது கான்கிரீட்டே அல்ல" என்கிறார். வழக்கமாகக் கான்கிரீட்டின் பலத்தைச் சோதிப்பது 28ஆம் நாளில்; அந்தப் பல்லவிதான் இது. ஐயா, அமெரிக்காவின் மொன்டானாவில் ஹங்ரி ஹார்ஸ் அணை 1953இல் முடிந்தது. உயரம் 172 மீட்டர். அதன் கான்கிரீட்டுக்குள் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் உலர் சாம்பல் இருக்கிறது. இன்றும் நிற்கிறது. உங்கள் 28 நாளை அங்கே போய்ச் சொல்லுங்கள்.

முட்டுப்பலகை:
சாம்பல் என்றாலே அணையைக் காட்டுவது உங்கள் வழக்கம். பெரிய அணையில் சாம்பல் போடுவது முதலில் சூட்டைக் குறைக்க. அவ்வளவு பருமனான கான்கிரீட் உள்ளே கொதித்தால் வெடிப்பு விழும். அணைக்கு அவசரமும் இல்லை. ஐந்தாவது மாடித் தளத்துக்கு அடியில் முட்டு கொடுத்துவிட்டு, எப்போது பிரிக்கலாம் என்று காத்திருப்பவனுக்குத்தான் அவசரம். 28 நாளில் சோதனைக் கட்டியான கியூபை உடைத்தால் என்ன வருகிறது? அதை மட்டும் சொல்லுங்கள்.

கலவைக்காரன்:
அதை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது, எனவே முழுதாகச் சொல்கிறேன். சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு மிச்சமாகிறது. வெறும் சிமெண்டில் அது பலத்துக்குப் பெரிதாக உதவாமல் கிடக்கும். நீர் ஊடுருவினால் கரைந்தும் போகும். சாம்பலில் உள்ள கண்ணாடி நிலைச் சிலிக்கா அதைப் பிடித்துப் பிணைப்புப் பொருளாக மாற்றுகிறது. இந்த வினை மெதுவாக நடக்கும். 90 நாளில் உடைத்துப் பாருங்கள்; சாம்பல் இல்லாத கலவையை எட்டிப் பிடித்திருக்கும், பல நேரம் தாண்டியும் இருக்கும். துளைகள் அடைபடுவதால் கான்கிரீட்டைச் சிதைக்கும் சல்பேட்டும் கம்பியை அரிக்கும் குளோரைடும் உள்ளே நுழையத் திணறும்.

முட்டுப்பலகை:
கேட்டது 28. வந்தது 90. நன்றி.

குறுக்குக்கேள்வி:
இருவரும் எந்தச் சாம்பலைப் பேசுகிறீர்கள்? சுண்ணாம்பு குறைந்த எஃப் வகையா, சுண்ணாம்பு கூடுதலாக உள்ள சி வகையா? சி வகை ஓரளவு தானாகவே இறுகும். புகைபோக்கிக்கு முன்னால் பிடித்த உலர் சாம்பலா, குளத்தில் நீரோடு கொட்டிப் பிறகு அள்ளியதா? இதைச் சொல்லாமல் 28, 90 என்று எண்களை வீசிக்கொண்டிருப்பதில் என்ன பொருள்?

கலவைக்காரன்:
வகை பிரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இவருடைய 28க்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சாம்பல் துகள்கள் உருண்டையானவை. கலவை எளிதாக ஓடும். அதனால் நீரைக் குறைக்கலாம். நீரைக் குறைத்து, குறைந்த நீரிலும் கலவையை ஓடவைக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர் வேதிப்பொருளும் சேர்த்தால் 28 நாளிலேயே இணையான பலத்தைக் கொண்டுவர முடியும். சிமெண்டைக் குறைத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பழைய அளவிலேயே ஊற்றுகிறவர்களுக்குத்தான் வராது. யாரைச் சொல்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை.

முட்டுப்பலகை:
தாராளமாகச் சொல்லுங்கள், நான் ஓடப்போவதில்லை. சாம்பலுக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் சி618ஐப் படித்ததுண்டா? சிமெண்டில் 20 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சாம்பலைப் போட்டு, 7 நாளிலோ 28 நாளிலோ சாம்பல் இல்லாத கலவையின் பலத்தில் 75 சதவீதம் வந்தால் தேர்ச்சி. கால்வாசி போனாலும் பரவாயில்லை என்று தரநிலையே கைகழுவுகிறது. நான் சொன்னால் மட்டும் கோபம் வருகிறது.

கலவைக்காரன்:
அது சாம்பலை உள்ளே விடலாமா என்று பார்க்கும் நுழைவுத் தேர்வு. காரைக் கட்டியில் செய்வது. கட்டடத்துக்குப் போகும் கலவையை அந்த விகிதத்தில் வடிவமைக்க யாரும் சொல்லவில்லை. அதே தரநிலை எஃப் வகையில் எரிப்பு இழப்புக்கு, அதாவது சூடாக்கும்போது எரிந்து குறையும் எடைக்கு, 6 சதவீத வரம்பு வைத்திருக்கிறது. எரியாத கரி மிகுந்தால் காற்றுக் குமிழிக்காகச் சேர்க்கும் வேதிப்பொருளை அது உறிஞ்சிவிடும். உண்மையான தலைவலி அங்கே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா? உங்களுக்கு 28 மட்டுமே கண்ணில் படும்.

மண்வளம்:
பயன்பாடு என்றால் கான்கிரீட் மட்டும்தானா? செங்கல், சாலை மேடு, சுரங்கக் குழிகளை நிரப்புவது என்று எத்தனையோ இருக்கின்றன. சாம்பல் குளத்தில் மிதக்கும் செனோஸ்பியர் உள்ளே வெற்றிடம் கொண்ட நுண்ணுருண்டை. பெயிண்டிலும் பிளாஸ்டிக்கிலும் நிரப்பியாகப் போகிறது. அமில மண்ணுக்குக் காரத்தன்மையுள்ள சாம்பல் உதவும், போரான் மிகுந்து பயிரைக் கருக்காத வரை.

அணுப்பிளவு:
மண்ணில் போடுவதா? நிலக்கரிச் சாம்பல் அணுக்கழிவை விடக் கதிரியக்கம் மிக்கது என்பது உலகறிந்த விஷயம்.

கலவைக்காரன்:
வந்துவிட்டார். இந்தப் பேச்சுக்கு மூலமான 1978 ஆய்வு ஒப்பிட்டது நிலக்கரி, அணு என இரு வகை மின் நிலையங்களும் காற்றில் வெளியேற்றுவதை, அணுக்கழிவை அல்ல. சாம்பலில் யுரேனியம் நிலக்கரியில் இருப்பதைப் போல ஏறத்தாழ 10 மடங்கு செறிகிறது, மறுக்கவில்லை. ஆனாலும் அது சாதாரண மண், பாறைகளில் உள்ள அளவை ஒட்டியதுதான் என்று 1997இலேயே அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் எழுதிவிட்டது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களோடு நான் எவ்வளவுதான் மல்லுக்கட்டுவது?

அணுப்பிளவு:
ஆர்செனிக் இல்லையா? 2008 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கிங்ஸ்டனில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து 400 கோடி லிட்டருக்கு மேல் சேறு ஊருக்குள் புரண்டதே, அதுவும் தலைப்பா?

கலவைக்காரன்:
அது குளத்தில் தேக்கி வைத்ததால் வந்த வினை. கட்டிடத்துக்குள் பூட்டி வைத்திருந்தால் உடைந்திருக்க என்ன இருக்கிறது? நீங்கள் சொன்னது என் கட்சிக்கே சாட்சி.

முட்டுப்பலகை:
எல்லாமே உங்கள் கட்சிக்குச் சாட்சிதான். முன்பு இங்கே நடந்த ஜிப்சம் விவாதத்திலும் இப்படித்தான், கேள்வி ஒன்று இருக்க வேறு பத்துக்குப் பதில் எழுதிவிட்டு வென்றதாக அறிவித்துக்கொண்டீர்கள்.

கலவைக்காரன்:
ஜிப்சம் விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர் யார் என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

குறுக்குக்கேள்வி:
எஃப் வகையா, சி வகையா என்று கேட்டிருந்தேன்.

முட்டுப்பலகை:
எந்த வகையாக இருந்தாலும் 28 நாள்தான்.

கலவைக்காரன்:
வடிவமைப்பாளர் 56 நாள் என்று குறித்துக் கொடுத்தால் 56தான். 28 ஒன்றும் வேதவாக்கு அல்ல.

முட்டுப்பலகை:
அப்படிக் குறித்துக் கொடுத்த வரைபடம் ஒன்றைக் காட்டுங்கள். அதுவரை 28.